மனை விலை ஏற ஏற இடியும் கட்டடங்கள்: பழைய கடைவீதிகள் ஏன் பாழாகின்றன?

2021 டிசம்பரில் ஓர் இரவு, மதுரை விளக்குத்தூண் பகுதியில் ரோந்தில் இருந்த தலைமைக் காவலர் ஒருவர் மீது பழைய மாடிக் கட்டடம் சரிந்து விழுந்தது. அவர் இறந்துபோனார். உடனிருந்த காவலர் காயத்தோடு தப்பினார். அதற்கு முந்தைய ஆண்டு தீபாவளி இரவில், தெற்கு மாசி வீதியை ஒட்டிய நவபத்கானா தெருவில் ஜவுளிக்கடையில் பற்றிய தீயை அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் இருவர், அந்தப் பழைய கட்டடம் இடிந்து விழுந்ததில் பலியானார்கள். இரண்டும் மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள பழைய மதுரைக்குள் நடந்தவை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் இப்படி ஒரு செய்தி ஏதாவது ஓர் ஊரிலிருந்து வந்துவிடுகிறது. வந்ததும் கிளம்பும் கேள்விகளும் மாறுவதில்லை. விழும் வரைக்கும் வீட்டுக்காரர் என்ன செய்துகொண்டிருந்தார்? மாநகராட்சி தூங்கியதா? இரண்டு கேள்விகளும் நியாயமானவைதான். ஆனால் அவற்றுக்குள்ளே கேட்கப்படாத ஒன்று இருக்கிறது. ஊரிலேயே சதுர அடி விலை உச்சத்தில் இருக்கும் இடம் கடைவீதி. அங்கே போய் ஏன் கட்டடங்கள் கவனிப்பாரற்று நிற்க வேண்டும்? விற்றாலும் காசு, இடித்துக் கட்டினாலும் காசு என்னும்போது, இரண்டையும் செய்யாமல் ஏன் பூட்டு தொங்குகிறது?

இது மதுரை போன்ற பெரிய ஊரின் சிக்கல் மட்டும் இல்லை. மதுரையின் மாசி வீதிகளுக்குள் இருக்கும் இதே முடிச்சுதான் கும்பகோணம் பெரிய கடைத்தெருவிலும் திருநெல்வேலி டவுன் ரத வீதிகளிலும் இருக்கிறது. அந்த முடிச்சை ஒவ்வோர் இழையாகப் பிரித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

## இது அமெரிக்காவில் நடப்பது போன்றதல்ல

நகரின் நடுப்பகுதி பாழாவது பற்றிப் படித்தால் பெரும்பாலும் அமெரிக்க உதாரணங்களே கிடைக்கும். மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரை எடுத்துக்கொள்வோம். ஜெனரல் மோட்டார்ஸ் ஆலைகளை நம்பி வளர்ந்த ஊர். 1960-ல் கிட்டத்தட்ட 1,97,000 பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 81,000 சொச்சம். ஆலைகள் போயின, ஆட்கள் போனார்கள், வீட்டையும் கடையையும் வாங்க ஆளில்லை. வரி கட்டுவதைவிட விட்டுவிட்டுப் போவதே லாபம் என்று உரிமையாளர்கள் போய்விட்டார்கள். அப்படி அநாதையான சொத்துகளை வரி பாக்கிக்காக விரைவில் கைப்பற்ற 1999-ல் மிச்சிகன் சட்டம் இயற்றியது. கைப்பற்றியவற்றை இடிக்கவும் விற்கவும் 'நில வங்கி' என்ற பொது அமைப்பு பிறகு ஏற்பட்டது.

அங்கே மனைக்கு மதிப்பு இல்லாததால் கட்டடம் அழிந்தது. இங்கே கதை நேர் எதிர். மனைக்கு மதிப்பு கூடிக்கொண்டே போவதால், அதில் கால் விரல் அளவு உரிமை உள்ளவரும் விட்டுக்கொடுப்பதில்லை. காத்திருப்பவருக்கு ஆண்டுதோறும் மதிப்பு ஏறுகிறது. செலவு செய்பவருக்கு உடனடியாகக் கையிருப்பு குறைகிறது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு அமெரிக்க மருந்தை இங்கே எழுதிக்கொடுத்தால் வேலைக்காகாது.

## தெரிந்துகொள்ள வேண்டிய சில சொற்கள்

1. அடிமனை, மேற்கட்டு: தரை ஒருவருக்கும் அதன் மேல் நிற்கும் கட்டடம் இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். தரை அடிமனை; கட்டடம் மேற்கட்டு.

2. பிரிபடாத பங்கு: சொத்தில் இன்னாருக்கு இத்தனை பங்கு என்று இருக்கும். ஆனால் எந்த அறை, எந்தச் சுவர் என்று பிரிந்திருக்காது.

3. உள்வாடகை: வாடகைக்கு எடுத்தவர் இன்னொருவருக்கு விடுவது. பல கடைவீதிகளில் உரிமையாளருக்குப் போவது சில ஆயிரம். உள்வாடகைக்காரர் கட்டுவது அதைப்போலப் பல மடங்கு.

4. பகடி: கடைக்குள் நுழைவதற்காக, பழைய வாடகைதாரருக்கோ உரிமையாளருக்கோ ரசீது இல்லாமல் கைமாறும் மொத்தப் பணம். இதைக் கொடுத்தவர், தான் வெறும் வாடகைதாரர் என்று ஒருபோதும் நினைக்கமாட்டார்.

5. தொடர் கட்டடப் பகுதி: பக்கவாட்டில் இடம் விடாமல், சுவரோடு சுவர் ஒட்டி வீடுகளும் கடைகளும் நிற்கும் பகுதி. பழைய கடைவீதிகள் பெரும்பாலும் இப்படித்தான்.

## கட்டடம் எப்படிச் சாகிறது

கடைவீதிகளில் எழுபது, நூறு ஆண்டு தாண்டி நிற்கும் மாடிகளில் பலவும் 'மெட்ராஸ் டெரஸ்' வகை. சுவரிலிருந்து சுவருக்குத் தேக்கு உத்திரம். அதன் மேல் செங்கல்லைக் கட்டைக்குத்தாகச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை. அதன் மேல் செங்கல் ஜல்லிக் காரையைப் போட்டு நாள்கணக்கில் இடித்து இறுக்கிய தளம். உச்சியில் தட்டு ஓடு. இதில் இரும்புக் கம்பி கிடையாது. தளத்தின் கனமெல்லாம் உத்திரத்தில், உத்திரத்தின் இரண்டு நுனியும் சுவருக்குள்.

இந்தக் கட்டுமானம் பலவீனமானது அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை ஆள் ஏறிப் பார்த்தால் இன்னும் ஐம்பது ஆண்டு நிற்கும். ஆள் ஏறுவது நின்றால் அழிவு இந்த வரிசையில் வரும்:

1. மொட்டைமாடித் தூம்பில் சருகும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொள்ளும். மழைநீர் தேங்கும்.

2. தேங்கிய நீர் தட்டு ஓட்டின் இடுக்கு வழியே இறங்கிக் காரையிலுள்ள சுண்ணாம்பைக் கரைக்கும். கீழே கூரையில் வெள்ளைக் கோடுகளாகத் தெரிவது இதுதான்.

3. ஈரம் உத்திரத்தின் நுனிக்குப் போகும். நுனி சுவருக்குள் இருப்பதால் காற்றும் படாது, கண்ணுக்கும் தெரியாது. நடுவில் தட்டிப் பார்த்தால் தேக்கு கணீரென்று ஒலிக்கும். சுவருக்குள்ளே அதன் நுனி தூளாகியிருக்கும்.

4. காக்கை எச்சத்தில் வந்த அரசங்கன்று கைப்பிடிச்சுவர் வெடிப்பில் முளைக்கும். ஆளை விட்டு வெட்டுவார்கள், வேர் உள்ளேயே இருக்கும். அடுத்த ஆண்டு இரண்டாகத் துளிர்க்கும். வேர் பருத்துச் சுவரை இரண்டு தோலாகப் பிளக்கும்.

5. ஒரு நாள் ஓர் உத்திரம் இறங்கும். உத்திரமும் தளமும்தான் எதிரெதிர்ச் சுவர்களைக் கட்டி வைத்திருந்தன. அவை போனபின் தெருப்பக்கச் சுவர் தனியாக நிற்கிறது, பிடிமானம் இல்லாமல்.

மழை கொட்டும்போது மட்டும்தான் விழும் என்பதில்லை. ஊறிய சுவர் எடை கூடி, மழை விட்ட பிறகும் சரியும். பல விபத்துகள் வானம் வெளுத்தபின் நடப்பது இதனால்தான்.

பழுதான இடத்தில் சிமென்ட் பூசுவது இன்னொரு கேடு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் பூச்சு அதை உள்ளே அடைத்துவிடும். பார்க்கப் புதிதாக இருக்கும் சுவருக்குள் செங்கல் நைந்துகொண்டிருக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் அருகிவிட்டதால், நல்லெண்ணத்தோடு செலவழிக்கும் உரிமையாளருக்கும் இதே கதிதான்.

## கடை ஓடுகிறது, மாடி சாகிறது

கடைவீதியில் நடந்துபோகும்போது தலையை நிமிர்த்தினால் மட்டுமே தெரியும் விஷயம் ஒன்று உண்டு. கீழே விளக்கும் விளம்பரப் பலகையுமாகக் கடை ஜொலிக்கும். பலகைக்கு மேலே, சன்னல் கதவு ஒரு கீலில் தொங்கும்.

முன்பு கீழே கடை, மேலே குடும்பம் அல்லது கணக்கப்பிள்ளை அறை, லாட்ஜ், டியூட்டோரியல், வக்கீல் ஆபீஸ் என்று மாடிக்கும் வருமானம் இருந்தது. குடும்பங்கள் காற்றும் பார்க்கிங்கும் தேடிப் புறநகருக்குப் போயின. ஊரின் போக்குவரத்தும் வெளியே போனது. மதுரையில் 1999-ல் மாட்டுத்தாவணி பஸ் நிலையம் வந்தது. 2010 வாக்கில் காய்கறி மொத்தச் சந்தையும் அங்கே போனது. 2003-ல் திருநெல்வேலிக்கு வேய்ந்தான்குளத்தில் புதிய பஸ் நிலையம் வந்தது. வெளியூர் வியாபாரி இரவு தங்க இனி கடைவீதி மாடி லாட்ஜ் தேவையில்லை.

சில்லறை வியாபாரம் மட்டும் போகவில்லை. கோயிலும் கூட்டமும் இருக்கும் வரை அது போகாது. ஆகவே தரைத்தளத்துக்குக் கிராக்கி, மாடிக்கு ஆளில்லை. அடுத்து நடப்பது முக்கியமானது: மாடிக்குப் போகும் குறுகலான படிக்கட்டு, கடையின் பக்கவாட்டில் மூன்றடி அகலத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த மூன்றடிக்குக் கடைவீதியில் நல்ல வாடகை உண்டு. படிக்கட்டை எடுத்துவிட்டு ஒரு செல்போன் உறைக் கடையோ ஜூஸ் கடையோ வந்துவிடுகிறது. அதன்பிறகு மாடிக்குப் போக வழியே கிடையாது. தூம்பைக் குத்திவிட ஏறுவதற்குக்கூட பக்கத்துக் கட்டடத்துக்காரரிடம் கேட்க வேண்டும். என் கணிப்பில், ஒரு கட்டடத்தின் சாவு உறுதியாவது படிக்கட்டு போகும் அன்றுதான்.

## கட்டடம் யாருடையது?

"ஓனர் என்ன செய்தார்" என்ற கேள்வியில் ஓனர் ஒருமை. நிலைமை பெரும்பாலும் அப்படி இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1960-களில் ஒருவர் உயில் எழுதாமல் இறக்கிறார். மனைவியும் மூன்று மகன்களும் இரண்டு மகள்களும். மனைவியும் காலமானபின் ஐந்து பங்கு. அந்த ஐவரும் காலப்போக்கில் போய்ச்சேர, ஒவ்வொருவருக்கும் கணவன் அல்லது மனைவியும் மூன்று பிள்ளைகளும் என்று வைத்தால், இருபது பேருக்கு இருபதில் ஒரு பங்கு. ஒருவர் சென்னையில், ஒருவர் நியூ ஜெர்சியில், இருவருக்குள் பேச்சுவார்த்தை கிடையாது.

மனை நான்கு கோடி பெறும், கடை வாடகை மாதம் இருபதாயிரம், தளத்தையும் சுவரையும் சரிசெய்யப் பதினைந்து லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் வாடகையில் மாதம் ஆயிரம் ரூபாய். பழுதுபார்க்க ஒவ்வொருவரும் போட வேண்டியது எழுபத்தைந்தாயிரம்; ஆறு ஆண்டு வாடகைக்கும் மேல். போடாமல் சும்மா இருந்தாலோ, இருபது லட்சம் பெறும் பங்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஏறிக்கொண்டும் போகிறது. கட்டடம் விழுந்தாலும் மனை விழப்போவதில்லை. இதில் சோம்பேறி யாருமில்லை. ஒவ்வொருவரும் தத்தம் கணக்கைச் சரியாகத்தான் போடுகிறார்கள். இருபது சரியான கணக்கும் சேர்ந்து தெருவில் போகிறவர் தலையில் விழுகிறது.

சட்டம் இதற்கு வழி வைத்திருக்கிறது. 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டப்படி, கூறுபோட முடியாத சொத்தை விற்றுப் பணமாகப் பிரிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். பாதியோ அதற்கு மேலோ பங்கு உள்ளவர்கள் கேட்க வேண்டும். மற்றவர்கள் நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அந்தப் பங்கை வாங்கிக்கொள்ளவும் உரிமை உண்டு. பதினைந்தடி முகப்பும் எண்பதடி நீளமும் உள்ள கடைவீதி மனைக்குப் பொருத்தமான ஏற்பாடுதான். ஆனால் இதெல்லாம் பாகவழக்குக்குள் நடக்க வேண்டும். முதல்நிலைத் தீர்ப்பாணை, மேல்முறையீடு, ஆணையர் நியமனம், இறுதித் தீர்ப்பாணை என்று போவதற்குள் பங்குதாரர் இறப்பார், அவருடைய வாரிசுகளைச் சேர்க்க மனு வரும், வழக்கு மறுபடி முதல் படிக்குப் போகும்.

பூர்வீகச் சொத்தாக இருந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு: பங்கு எத்தனை? அப்போது திருமணமாகாதிருந்த மகள்களுக்குச் சம உரிமை தந்தது தமிழ்நாட்டின் 1989 திருத்தம். எல்லா மகள்களுக்கும் தந்தது 2005-ன் மத்தியத் திருத்தம். தந்தை அப்போது உயிரோடு இருந்தாரா என்பது பொருட்டல்ல என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. "எங்கள் குடும்பத்தில் வாய்மொழியாகவே பாகம் ஆகிவிட்டது" என்ற வாதத்தையும் எளிதில் ஏற்கக்கூடாது என்று அதே தீர்ப்பு சொன்னது. வியாபாரக் குடும்பங்களில் வாய்மொழிப் பாகம் நிறைய. மகள்களுக்குரியதைக் கொடுத்தது நியாயமான மாற்றம், நெடுநாள் தாமதம். ஆனால் பங்குதாரர் எண்ணிக்கை கூடியதற்கு ஈடாக, பலர் சேர்ந்து ஒரு முடிவெடுக்கும் எளிய முறையைச் சட்டம் தரவில்லை.

## வாடகைதாரரின் கணக்கு

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பட்டணங்களில் வீடு கிடைக்காத நெருக்கடியில் வந்தது வாடகைக் கட்டுப்பாடு. 1946, 1949 சட்டங்களைத் தாண்டி 1960-ல் வந்த சட்டம் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்டது. காரணமில்லாமல் காலி செய்யச் சொல்ல முடியாது. வாடகைதாரர் இறந்தால், கடையில் கூடவே இருந்து தொழில் பார்த்த வாரிசுக்கு உரிமை தொடரும். நியாய வாடகை நிர்ணயிக்கச் சொல்லி உரிமையாளர் மனுப்போடலாம். ஆனால் பல ஆண்டு அலைய வேண்டும். இடித்துக் கட்டப் போகிறேன் என்று சொல்லியும் காலி செய்யக் கேட்கலாம். சொன்ன கெடுவுக்குள் இடிக்காவிட்டால் வாடகைதாரர் திரும்ப உள்ளே வரக் கோரலாம்.

அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2017-ல் இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணையத்தில் பதிவாக வேண்டும், வாடகை இரு தரப்பும் பேசிக்கொள்வது. எழுத்து ஒப்பந்தத்துக்கு வராவிட்டால் அதுவே காலி செய்யக் கேட்பதற்கான காரணம். உரிமையாளர் பக்கம் தராசு சாய்ந்துவிட்டது. ஆனால் பழைய சட்டப்படி நிலுவையில் இருந்த வழக்குகள் பழைய சட்டப்படியே தொடர்கின்றன. பகடி கொடுத்தவர்களின் கணக்கோ எந்தச் சட்டத்திலும் இல்லை.

வாடகைதாரர் ஏன் ஆபத்தான கட்டடத்தில் இருக்கிறார் என்று கேட்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கடைக்காரருக்கு அந்த இடம்தான் முதலீடு. முப்பது ஆண்டாக வாடிக்கையாளர் தேடி வரும் முகவரி. இடிக்க ஒப்புக்கொண்டு வெளியேறினால், புதுக்கட்டடத்தில் இடம் கிடைக்கும் என்பதற்கு உரிமையாளரின் வாய்ச்சொல் மட்டுமே உத்தரவாதம். ஆகவே அவர் கூரையில் தகரம் அடித்து, இரும்புத் தூண் முட்டுக்கொடுத்து, உட்கார்ந்துகொண்டிருக்கிறார்.

## அடிமனை கோயிலுடையது என்றால்

கும்பகோணம், ஸ்ரீரங்கம், மதுரை போன்ற கோயில் ஊர்களில் கோயிலோ மடமோ அறக்கட்டளையோதான் பல மனைகளுக்குச் சொந்தம். மேற்கட்டு தனியாருடையது, அடிமனை வாடகை கோயிலுக்கு. 1959-ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டப்படி, கோயில் சொத்தை ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விட அறநிலையத் துறை ஆணையர் அனுமதி வேண்டும், விற்பதற்கும் அப்படியே. மேற்கட்டுக்காரருக்கு அந்த மனையை விலைக்குக் கேட்கும் உரிமையை 1920-களின் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் தந்திருந்தது. சமய நிறுவனங்களின் மனைகளை அதிலிருந்து 1996-ல் நடப்புக்கு வந்த திருத்தம் நீக்கிவிட்டது. கோயில் சொத்தைக் காப்பதற்கு அது தேவைதான்.

ஆனால் கட்டடத்தின் பக்கம் நின்று பாருங்கள். மேற்கட்டுக்காரர் தன் பெயரில் இல்லாத மனையைக் காட்டி வங்கிக் கடன் வாங்க முடியாது. வரைபட அனுமதிக்குக் கோயிலின் தடையின்மைச் சான்று வேண்டும். வாடகை பாக்கித் தகராறு இருந்தால் அது வராது. ஐந்து ஆண்டுக் குத்தகையை நம்பி ஐம்பது ஆண்டு நிற்கும் கட்டடத்தை யாரும் கட்டமாட்டார்கள். கோயிலும் அந்தக் கட்டடத்தைப் பழுதுபார்க்காது, அது கோயிலுடையது இல்லையே.

## இடித்தால் என்ன கிடைக்கும்?

எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள், இடித்தாயிற்று என்றே வைப்போம். பழைய கட்டடம் மனை முழுவதையும் நிரப்பி மூன்று தளத்தோடு நின்றது. புதிய கட்டடம் 2019 பிப்ரவரியில் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளுக்குள் வர வேண்டும். தொடர் கட்டடப் பகுதி என்றால் பக்கவாட்டு இடைவெளி விட வேண்டாம். ஆனால் சாலை அகலம், வாகன நிறுத்தம், காற்றோட்டம், படிக்கட்டு அகலம் எல்லாம் கணக்கில் வரும். பதினைந்தடி முகப்பில் வாகன நிறுத்தம் விட்டால், மாதம் முழுக்க வாடகை தரும் தரைத்தளமே போய்விடும்.

மதுரைக்குக் கூடுதலாக ஒன்று. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக்கூடாது என்று 1997-ல் அரசாணை வந்தது. கோபுரத் தோற்றம் மறையக்கூடாது என்பது நோக்கம். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் உயரமான கூரைகளோடு கட்டிய பழைய இரண்டு மாடிக் கட்டடம் 9 மீட்டரை எளிதில் தாண்டும். இடித்தால் ஒரு தளம் நஷ்டம். நிற்கவிட்டால் நஷ்டமில்லை. விதியை மீறிக் கட்டிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று துணிபவர்கள்தான் இடித்துக் கட்டுகிறார்கள். விதிக்குக் கட்டுப்பட நினைப்பவர் பூட்டிவைக்கிறார்.

## மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டியபின்

ஆபத்தான கட்டடத்தை ஆணையர் பார்வையிட்டு, பழுதுபார், தாங்கு கொடு, அல்லது இடி என்று உத்தரவிடலாம். செய்யாவிட்டால் தானே செய்து செலவை வசூலிக்கலாம். 1920-ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டக் காலத்திலிருந்தே இந்த அதிகாரம் உண்டு. இப்போது 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டத்தின்கீழ் நடக்கிறது. அதிகாரத்துக்குக் குறைவில்லை. நடைமுறையில் ஏன் நோட்டீஸோடு நின்றுவிடுகிறது?

1. யாருக்குக் கொடுப்பது? வரிவிதிப்புப் பதிவேட்டில் இருப்பது காலமான தாத்தாவின் பெயர். நோட்டீஸ் சுவரில் ஒட்டப்படும்.

2. நோட்டீஸே ஆயுதமாகும். வாடகைதாரரை வெளியேற்ற முடியாத உரிமையாளர் சிலர், தாங்களே போய்க் கட்டடம் ஆபத்தாக இருக்கிறது என்று மனுக்கொடுத்து இடிப்பு நோட்டீஸ் வாங்குவது உண்டு. வாடகைதாரர் நீதிமன்றம் போவார், தடையாணை கிடைக்கும், உறுதித்தன்மையைப் பொறியாளர் சோதிக்க உத்தரவாகும். இப்படிப் போலி ஆபத்துகளைப் பார்த்துப் பழகிய இடத்தில், உண்மையான ஆபத்தும் அதே வரிசையில் நிற்க வேண்டியதாகிறது.

3. இடித்தாலும் வாடகை உரிமை போகாது. உள்ளாட்சி இடித்துவிட்டதால் மட்டும் வாடகை உரிமை அற்றுப்போகாது, அது மனையின் மீதும் நிற்கும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றத்தின் மூவர் அமர்வு, மகாராஷ்டிரத்து வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. வாடகைதாரருக்கு இது பெரிய பாதுகாப்பு. இதைத் தெரிந்துகொண்டால் அவர் உயிரைப் பணயம் வைத்து உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. ஆனால் கடைவீதியில் இந்தத் தீர்ப்பு பரவலாகத் தெரிந்திருப்பதாகத் தெரியவில்லை.

4. பொதுச்சுவர். நடுவில் உள்ள ஒன்றை இடித்தால் இரண்டு பக்கமும் சாய்மானம் போகும். பக்கத்துக் கடைக்கு விரிசல் விட்டால் அதிகாரி பதில் சொல்ல வேண்டும். விழுந்தால் அது மழை செய்த வேலை என்று சொல்லிவிடலாம்.

தண்டனைச் சட்டமும் இதே திசையில் தள்ளுகிறது. கட்டட விபத்துக்கென்றே பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்த 288-ஆம் பிரிவு, இடிக்கும்போதோ பழுதுபார்க்கும்போதோ கவனக்குறைவாக இருந்தவரைப் பிடித்தது. இன்றைய தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதாவில் அது கட்டுமானத்தையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. கையே வைக்காமல் விட்டவர் மீது பொதுவான கவனக்குறைவு மரணப் பிரிவைத்தான் போட வேண்டும்; அதை நிரூபிப்பது கடினம்.

வரியும் உரிமையாளரை அவசரப்படுத்துவதில்லை. 2022-ல் வணிகக் கட்டடங்களுக்குச் சொத்து வரி நூறு சதவீதம் உயர்ந்தது. ஆனால் வரி பரப்பளவுக்கும் பயன்பாட்டுக்கும் போடப்படுகிறது. இடிந்து பயன்படாத மாடிக்கு வரி குறைவாகவே வரும். அமெரிக்க ஊர்களில் வரி பாக்கி சொத்தையே விழுங்கும். இங்கே கீழ்க்கடையின் ஒரு மாத உள்வாடகையில் ஆண்டு வரி அடைந்துவிடும்.

## மும்பை செய்து பார்த்தது

'தீவு நகரம்' எனப்படும் தென் மும்பையின் பழைய வாடகைக் கட்டடங்களுக்காக 1969-ல் தனிச் சட்டம் வந்தது. அந்தக் கட்டடங்களுக்கு ஒரு வரி விதித்து, அந்தப் பணத்தில் அரசு வாரியமே பழுதுபார்க்கும். தொடக்கத்தில் பத்தொன்பதாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள் இதற்குள் வந்தன. வாடகையும் சொற்பம், வரியும் சொற்பம் என்பதால் வாரியத்தால் முட்டுக்கொடுக்கத்தான் முடிந்தது. மழைக்காலச் சரிவுகள் நிற்கவில்லை.

பின்னர் வந்த திருத்தம் வேறு வழியில் போனது: யார் முறை என்று வரிசை வகுத்தது. ஆபத்தானது என்று அறிவித்ததும் உரிமையாளருக்கு ஆறு மாதம். அவர் மறுகட்டுமானத் திட்டம் தராவிட்டால் வாடகைதாரர்களின் சங்கத்துக்கு ஆறு மாதம். அவர்களும் தராவிட்டால் வாரியமே கையகப்படுத்திக் கட்டும். நடைமுறையில் இதுவும் நீதிமன்றப் படியேறியிருக்கிறது. என்றாலும் இதன் கூர்மை ஓரிடத்தில் இருக்கிறது: சும்மா இருப்பதற்கு விலை வைக்கிறது. காத்திருந்தால் முறை அடுத்தவருக்குப் போய்விடும்.

தமிழ்நாட்டில் இதற்கு நெருக்கமாக இருப்பது 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம். 2024 மார்ச்சில் நடப்புக்கு வந்தது. பழைய அடுக்குமாடியை இடித்துக் கட்ட எல்லார் கையெழுத்தும் வேண்டியதில்லை, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். ஒரே வளாகத்தில் முப்பது பிளாட்டுக்காரர்கள் இப்படி முடிவெடுக்கலாம். ஆனால் ஒரே தாத்தாவின் கடைக் கட்டடத்துக்கு வாரிசான இருபது பேருக்கு இந்த வழி கிடையாது; அவர்கள் பாகவழக்குக்குத்தான் போக வேண்டும். அந்த மூன்றில் இரண்டு விதியை ஆபத்தானது என்று அறிவிக்கப்பட்ட கூட்டுச் சொத்துக்கும் நீட்டலாம் என்பது என் கருத்து. எதிர்ப்பும் நியாயமாகவே வரும். பெரும்பங்கை வளைத்துப்போட்ட வெளியாள் ஒருவர், இருபதில் ஒரு பங்கு வைத்திருக்கும் விதவை அத்தையை அடிமாட்டு விலைக்கு வெளியேற்றிவிடலாம். 1893-ன் சட்டம் சொல்லும் நீதிமன்ற மதிப்பீட்டை இங்கேயும் கட்டாயமாக்கினால் அது அடைபடும். கீழே கடை வைத்திருப்பவருக்குப் புதுக்கட்டடத்தில் அதே அளவு இடம் என்று அனுமதி உத்தரவிலேயே எழுதிக்கொடுக்காவிட்டால், அவர் எந்த நோட்டீஸுக்கும் நகரமாட்டார்.